எப்படித் தெரியும்?

ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' ஒரு கல்லறைத் தோட்டத்தில் முடிகிறது. நான்கு பேர் கொலை வழக்கை விசாரித்த அதிகாரி ஆல்வின் டியூவி, கொலையுண்ட சிறுமியின் தோழியைப் பல வருடம் கழித்து அங்கே தற்செயலாகச் சந்திக்கிறார். அவள் இப்போது வளர்ந்து கல்லூரிக்குப் போகிறாள். இருவரும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிரிகிறார்கள். அத்தனை ரத்தத்தையும் கடந்துவந்த வாசகர் மனம் ஆறிப் புத்தகத்தை மூடிவைக்கிறார். ஆனால் அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. கபோட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜெரால்டு கிளார்க், 1988இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். புத்தகத்தின் துணைத்தலைப்போ இதை 'உண்மை வரலாறு' என்கிறது. உள்ளே இருப்பது அனைத்தும் நடந்தது நடந்தபடி என்று கபோட்டி பேட்டிக்குப் பேட்டி சாதித்தார்.

உண்மைக் குற்றங்களை எழுதுவது பற்றிப் பேச்சு வந்தாலே, நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவிலுள்ள கோடு மங்கலானது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது ஏதோ இயற்கையாகவே மங்கிக் கிடப்பதுபோலவும், யாரும் அதற்குப் பொறுப்பில்லை என்பதுபோலவும் இந்தப் பேச்சு ஒலிக்கிறது. நடந்த உதாரணங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கோட்டை அழித்தவர் யார், எந்த இடத்தில் அழித்தார், அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதையெல்லாம் பெரும்பாலும் சுட்டிக்காட்ட முடிகிறது. கற்பனை கண்ட இடத்தில் கலப்பதில்லை. கதைக்கு எது தேவையோ, அதை மறுக்க யார் உயிரோடு இல்லையோ, அந்த இடம் பார்த்துத்தான் கலக்கிறது.

இந்த வகை எழுத்து முழுவதற்கும் முன்மாதிரியாகச் சொல்லப்படுவதால் கபோட்டியின் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 1959 நவம்பர் 15 அதிகாலை, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம்ப் என்ற சிற்றூரில் பண்ணை உரிமையாளர் ஹெர்பர்ட் கிளட்டர், மனைவி போனி, 16 வயது மகள் நான்சி, 15 வயது மகன் கென்யன் ஆகிய நால்வரும் கட்டிப்போட்டுச் சுடப்பட்டார்கள். கொன்றவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்திருந்த ரிச்சர்ட் ஹிக்காக், பெர்ரி ஸ்மித் என்ற இருவர். அந்த வீட்டில் பணப் பெட்டகம் இருப்பதாக உடனிருந்த கைதி ஒருவன் சொன்னதை ஹிக்காக் நம்பியிருந்தான். பெட்டகமே இல்லை. கையில் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு. நாளிதழில் வந்த ஒரு சிறு செய்தியைப் பார்த்துவிட்டு, பால்ய சிநேகிதி ஹார்ப்பர் லீயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கபோட்டி அந்த ஊருக்குப் போனார். 1965 ஏப்ரல் 14 அன்று கொலையாளிகள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 'நியூயார்க்கர்' வார இதழில் நான்கு பகுதிகளாகத் தொடங்கிய தொடர், 1966 ஜனவரியில் புத்தகமானது. தான் குறிப்பெடுப்பதில்லை, ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொள்வதில்லை, கேட்டதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அப்படியே நினைவில் நிற்கும் என்று கபோட்டி பெருமையாகச் சொன்னார்.

புத்தகம் வந்த ஆறே மாதத்தில் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் என்ற ஆய்வாளர் கான்சாஸுக்கு நேரில் போய் விசாரித்து, 'எஸ்கொயர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கனமான விஷயம் பெர்ரி ஸ்மித்தின் கடைசி நிமிடம். புத்தகத்தில் அவன் தூக்குமேடையில் நின்று, செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறான். பக்கத்தில் நின்ற செய்தியாளர்களிடம் டாம்ப்கின்ஸ் கேட்டபோது, அப்படி ஒரு மன்னிப்பைத் தாங்கள் கேட்கவில்லை என்றார்கள். தீர்ப்பு வந்த பிறகு பெர்ரி அழுததாகவும், துணை ஷெரீஃபின் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு வெட்கத்தில் குமுறியதாகவும் புத்தகத்தில் ஒரு காட்சி உண்டு. அவன் அழுததைத் தான் கேட்டதே இல்லை என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 2013இல், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் கான்சாஸ் புலனாய்வுத் துறையின் பழைய கோப்புகளைப் பார்த்தது. பெட்டகக் கதை சொன்ன அந்தக் கைதி போலீசுக்குக் கொடுத்த துப்பு கிடைத்த அன்றே டியூவி ஆளனுப்பியதாகப் புத்தகம் சொல்ல, ஹிக்காக்கின் பெற்றோர் வீட்டுக்கு அதிகாரிகள் போனது ஐந்து நாள் கழித்துத்தான் என்று கோப்பு சொன்னது.

இந்தப் பிழைகள் எல்லாம் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். மறதியால் வந்தவை என்றால் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்க வேண்டும். ஓர் இடத்தில் பெர்ரிக்குச் சாதகமாக, இன்னோர் இடத்தில் பாதகமாக, ஓர் இடத்தில் டியூவி சுறுசுறுப்பாக, இன்னோர் இடத்தில் மெத்தனமாக என்று மாறி மாறி வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. மன்னிப்பும் கண்ணீரும் கொலைகாரனை நாம் இரக்கப்படத்தக்க துன்பியல் பாத்திரமாக்குகின்றன. தாமதம் மறைந்ததில் புலனாய்வாளர் நாயகனாகிறார். கல்லறைச் சந்திப்பு, முடிவே இல்லாத ஒரு துயரத்துக்கு முடிவைக் கொடுக்கிறது. மூன்றும் ஒரு நல்ல நாவலுக்கு வேண்டிய மூன்று தூண்கள். நடந்தது அவற்றைத் தராத இடத்தில் எழுத்தாளர் கொடுத்திருக்கிறார்.

இதை அன்றே ஒருவர் மோப்பம் பிடித்திருந்தார். 'நியூயார்க்கர்' ஆசிரியர் வில்லியம் ஷான், அச்சுக்குப் போகும் முன் படித்த மெய்ப்புத் தாளின் ஓரத்தில், இது எப்படித் தெரியும் என்று பென்சிலால் கேட்டு வைத்திருக்கிறார். அந்த இதழின் வரலாற்றை எழுதிய பென் யகோடா பிற்பாடு அந்தத் தாள்களைத் தேடிப் பார்த்து இதை வெளியில் கொண்டுவந்தார். செத்துப்போனவர்கள் தனியே இருந்தபோது என்ன பேசினார்கள், என்ன நினைத்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் அந்த இதழில் தகவல் சரிபார்ப்பவர் இருந்தார், கபோட்டியின் துல்லியத்தை மெச்சவும் செய்தார். தேதியைச் சரிபார்க்கலாம், ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் உள்ள தூரத்தைச் சரிபார்க்கலாம். சாட்சியே இல்லாத உரையாடலை எதை வைத்துச் சரிபார்ப்பது? சரிபார்க்கக்கூடிய சின்ன விவரங்கள் கச்சிதமாக இருந்தால், சரிபார்க்க முடியாத பெரிய விஷயங்களையும் வாசகர் சேர்த்து நம்பிவிடுகிறார். இந்தக் கலையின் அபாயம் அங்கேதான் இருக்கிறது. பொய்க்குச் சாட்சி சொல்ல அத்தனை துல்லியமான விவரங்கள் வரிசையில் நிற்கின்றன.

எழுதுபவர் எதற்கு ஆசைப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவரும் தூக்கில் தொங்கும்வரை புத்தகத்துக்கு முடிவு இல்லை. மேல்முறையீடுகள் இழுத்துக்கொண்டே போன வருடங்களில் கபோட்டி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் 2004இல் நூலாக வந்தன. வழக்கு எப்போது முடியும், தன் புத்தகம் எப்போது வெளிவரும் என்ற தவிப்பு அவற்றில் தெரிகிறது. ஒருபுறம் அந்த இருவருக்கும் அவர் சிநேகிதர், இன்னொருபுறம் அவர்களுடைய மரணத்துக்காகக் காத்திருப்பவர். டியூவியுடனான உறவும் இப்படித்தான். திரைப்பட உரிமையை வாங்கிய கொலம்பியா நிறுவனம் டியூவியின் மனைவிக்கு ஆலோசகர் என்ற பெயரில் 10,000 டாலர் தர ஏற்பாடு செய்ததும் 2013இல்தான் அம்பலத்துக்கு வந்தது. கபோட்டிக்குக் கோப்புகளைக் காட்டிய அதிகாரியே புத்தகத்தின் நாயகன் என்றால், அந்த ஐந்து நாள் தாமதம் ஏன் காணாமல் போனது என்று வாசகர் கேட்க உரிமை உண்டு. 1966இல் எதைப் பார்த்துக் கேட்டிருப்பார்?

விலை கொடுத்தவர்கள் யார்? கிளட்டர் தம்பதிக்கு மூத்த பெண்கள் இருவர் இருந்தார்கள். அன்றிரவு வீட்டில் இல்லாததால் பிழைத்தார்கள். தங்கள் தாய் போனியைப் புத்தகம் எந்நேரமும் படுக்கையில் கிடக்கும் மனநோயாளிபோலக் காட்டியதை அந்தக் குடும்பம் ஏற்கவே இல்லை. கொலைகாரனின் பிள்ளைப்பருவத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த புத்தகத்தில், கொலையுண்ட தாய் சில பக்கங்களில் ஒரு சோகச் சித்திரமாகச் சுருங்கினாள். பெர்ரி தன் தரப்பைச் சொல்ல வருடக்கணக்கில் வாய்ப்பிருந்தது, போனிக்கு ஒரு நாள்கூட இல்லை. லட்சக்கணக்கான பிரதிகள் விற்ற அந்தச் சித்திரமே இன்றைக்கும் உலகம் அறிந்த போனி. பெற்ற மகள்களின் நினைவிலிருந்த தாய் அதற்கு முன்னால் எடுபடவில்லை.

புத்தகம் தந்த முடிவும் முடிவில்லை. கான்சாஸ் கொலைகள் நடந்து ஐந்தே வாரத்தில், 1959 டிசம்பர் 19 அன்று, ஃபுளோரிடாவின் ஓஸ்ப்ரே என்ற ஊரில் நால்வர் கொண்ட வாக்கர் குடும்பம் கொல்லப்பட்டது. தப்பி ஓடிக்கொண்டிருந்த ஹிக்காக்கும் பெர்ரியும் அப்போது ஃபுளோரிடாவில் இருந்தார்கள். அந்தச் சந்தேகம் தீராததால், 2012 டிசம்பரில் இருவரின் உடல்களையும் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். முடிவு எந்தப் பக்கமும் உறுதியாகவில்லை. கிளட்டர் வீட்டிலேயே போனியையும் நான்சியையும் சுட்டது யார் என்பதில் பெர்ரியின் வாக்குமூலம் முதலில் ஒன்றாகவும் பிறகு வேறாகவும் இருந்தது. நிஜக் குற்றம் இப்படித்தான் பிசிறு பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறுகளை வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தால் படிக்கச் சுகமாக இருக்கும். வழக்கு தீர்ந்துவிட்டது என்ற தவறான நிம்மதியும் கூடவே வரும்.

சாரம் உண்மையாக இருக்கும்போது ஒரு காட்சி, ஒரு வசனம், ஒரு தேதி முன்னே பின்னே இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்பது இதற்கு முதலில் எழும் ஆட்சேபம். இதற்குப் பதில் அர்ஜென்டினாவில் இருக்கிறது. கபோட்டிக்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1957இல், ரொடால்ஃபோ வால்ஷ் என்ற பத்திரிகையாளர் 'ஓபராசியோன் மசாக்ரே' என்ற நூலை எழுதினார். 1956 ஜூன் மாதம் ஒரு ராணுவக் கிளர்ச்சி நடந்த இரவில், போலீஸ் ஒரு வீட்டுக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய், புவெனோஸ் ஐரிஸ் புறநகரில் ஒரு குப்பைமேட்டில் நிறுத்திச் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள், ஏழு பேர் தப்பித்தார்கள். ராணுவச் சட்டம் அமலில் இருந்தது, அதன்படி சுட்டோம் என்பது அரசின் வாதம். வால்ஷ் அரசு வானொலியின் பதிவேட்டைத் தேடி எடுத்தார். ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது ஜூன் 10 நள்ளிரவு தாண்டி 12.32 மணிக்கு. ஆட்களைப் பிடித்ததோ ஜூன் 9 இரவு, அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னால். அறிவிப்புக்கு முன் பிடிபட்டவர்கள்மீது அந்தச் சட்டம் எப்படிப் பாயும்? அந்த நேரக்கணக்கு ஒன்றை வைத்தே, நடந்தது தண்டனை இல்லை, படுகொலை என்று வால்ஷ் நிறுவினார். அதில் பத்து நிமிடத்தைக் கற்பனையாகச் சேர்த்திருந்தால் மொத்த நூலும் அரசின் ஒரே மறுப்பில் சரிந்திருக்கும். அது விறுவிறுப்பான நாவல்போலவே ஓடும் நூல். புதிய ஆதாரம் வர வர, அடுத்தடுத்த பதிப்புகளில் வால்ஷ் அதைத் திருத்தியும் விரித்தும் எழுதினார். விறுவிறுப்புக்கும் உண்மைக்கும் பகை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சுத்தமான உண்மை என்று எதுவுமே இல்லையே? சாட்சி மறக்கிறார், போலீஸ் ஜோடிக்கிறது, கோர்ட் ஆவணமே ஒருவர் எழுதிய கதைதானே? இந்த வாதத்தின் முதல் பாதி சரி. பேரறிவாளன் வழக்கைவிட இதற்குத் தெளிவான உதாரணம் நமக்கு வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. குண்டில் பயன்பட்ட பேட்டரியை வாங்கிக் கொடுத்தார் என்ற வாக்குமூலம் அவருக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்ததில் முக்கியமானது. தடா சட்டத்தின் கீழ் அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தபோது முப்பது வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டன. ஒரு வாக்கியம் விடுபட்டதன் கனம் அது. ஆவணமும் ஒருவர் தொகுத்ததுதான் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து, அப்படியானால் நானும் சேர்த்துக்கொள்கிறேன் என்ற முடிவுக்கு எப்படிப் போக முடியும்? தொகுத்தவர் யார் என்று ஆவணத்தில் இருந்ததால்தான் அவரைப் போய்க் கேட்க முடிந்தது. யார் சொன்னது, யார் எழுதியது, எப்போது என்று தெரியாமல் ஒரு நாவலின் ஓட்டத்தில் அந்த வாக்குமூலம் கரைந்திருந்தால், பிழையைத் திருத்த வழியே இருந்திருக்காது. ஆவணத்தில் பொய் கலந்திருக்கக்கூடும் என்பதே மூலத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதற்கு முதல் காரணம்.

கலைக்குக் கட்டுப்பாடு விதிக்கலாமா என்பது மூன்றாவது கேள்வி. விதிக்க வேண்டியதே இல்லை, கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. நார்மன் மெய்லர் 1979இல் எழுதிய 'தி எக்ஸிக்யூஷனர்ஸ் சாங்', 1977இல் யூட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்ட மரண தண்டனைக் கைதி கேரி கில்மோரின் கதை. ஏராளமான பேட்டிகளையும் ஆவணங்களையும் அடித்தளமாகக் கொண்ட அந்த நூலை மெய்லர் நாவல் வரிசையில் வைத்தார். 1980இல் அது புனைகதைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. குறிப்பே எடுக்கவில்லை என்ற கபோட்டியின் நூல் உண்மை வரலாறாகவும், பேட்டிகளின் மேல் கட்டிய மெய்லரின் நூல் நாவலாகவும் அலமாரியில் நிற்கின்றன. எது நேர்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் தன் இளமைக்கால ஊரில் 1951இல் நடந்த கொலையை முப்பது வருடம் மனதில் சுமந்து, பெயர்களை மாற்றி, 1981இல் நாவலாகத் தந்தார். அதற்காக அந்த நாவலின் வலிமை கடுகளவும் குறையவில்லை. கலைஞருக்குச் சுதந்திரம் வேண்டும் என்றால் நாவல் என்று சொல்லிவிடலாம். உண்மை என்ற முத்திரையால் கிடைக்கும் விற்பனையும் வேண்டும், புனைவின் சுதந்திரமும் வேண்டும் என்பது மட்டும் நியாயமில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும் பழக்கம் தமிழிலும் வேரூன்றிவிட்டது. 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று திரையில் ஒரு அட்டை வரும், கூடவே 'கதாபாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று இன்னொரு அட்டை. முதலாவது வாசலில் கூட்டம் சேர்க்க, இரண்டாவது கோர்ட் வாசலைத் தவிர்க்க. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படங்களும் இதில் சறுக்குகின்றன. 2021இல் வந்த 'ஜெய் பீம்', போலீஸ் காவலில் நடந்த ஒரு கொலையையும் அதற்கெதிரான சட்டப் போராட்டத்தையும் லட்சக்கணக்கானோர் மனதில் பதித்தது, அது பெரிய காரியம். ஆனால் நிஜத்தில் உயிரிழந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளராகிவிட்டார். கொடுமை செய்த அதிகாரியின் வீட்டுச் சுவரில் ஒரு சமூகத்தின் அடையாளச் சின்னம் கொண்ட நாட்காட்டி தொங்கியது. அசல் அதிகாரி அந்தச் சமூகத்தவரே இல்லை என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்தக் காட்சி மாற்றப்பட்டது. நாட்காட்டியை மாற்றக் குரல் கொடுக்க ஒரு பெரிய சமூகம் இருந்தது. இறந்தவரின் சமூகம் மாறியதைப் பற்றி அந்த அளவுக்குச் சத்தம் எழவில்லை. யாரால் மறுக்க முடியாதோ அவர்கள் பக்கத்தில்தான் கோடு ஓசையில்லாமல் நகர்கிறது.

இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாறு என்று சொல்லப்பட்டதை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தபோது, அதை சங்கர் எழுதவே இல்லை என்று சிறைத் துறை தடுத்தது. ராஜகோபால் வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் 1994 அக்டோபர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அரசு அதிகாரிகள் முன்கூட்டியே தடை கோர முடியாது என்றும், பொது ஆவணத்தில் உள்ளதை ஒருவரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம் என்றும், அதைத் தாண்டி அவர் வாழ்க்கையை எழுத அனுமதி வேண்டும் என்றும் வகுத்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது என்று விலக்கும் வைத்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அது பெரிய அரண். ஆனால் எழுதியது யார் என்ற கேள்விக்குள் அந்தத் தீர்ப்பு போகவில்லை, சங்கர் எழுதவில்லை அல்லது அனுமதி தரவில்லை என்று வைத்துக்கொண்டே சட்டத்தை விளக்கியது. எதை வெளியிடலாம் என்பதைக் கோர்ட் சொல்லும், வெளியிட்டதில் எது நடந்தது என்பதைச் சொல்லாது. இறந்தவர்களின் நிலை இன்னும் மோசம். ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, வாரிசு அதைக் கோர முடியாது என்று 'தலைவி' என்ற வாழ்க்கை வரலாற்றுப் படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. கொலைக் கதைகளின் மையத்தில் இருப்பவரோ எப்போதும் இறந்தவர்.

ஆகவே பொறுப்பு எழுதுபவரிடமும் அதை அச்சிடும் ஆசிரியரிடமும்தான் வந்து நிற்கிறது. செய்ய வேண்டியது கடினமான காரியமில்லை. இது தீர்ப்பின் வாசகம், இது குற்றப்பத்திரிகையில் போலீஸ் சொன்னது, இது பத்து வருடம் கழித்து அண்டை வீட்டுக்காரர் நினைவுகூர்ந்தது, இது என் ஊகம் என்று கதையின் ஓட்டத்திலேயே சொல்லிக்கொண்டு போகலாம். டேவிட் கிரான் 2017இல் எழுதிய 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' நூலின் கடைசிப் பகுதி இதைத்தான் செய்கிறது. 1920களில் ஓக்லஹோமாவில் எண்ணெய்ச் சொத்துக்காக ஓசேஜ் பழங்குடியினர் கொல்லப்பட்ட வழக்கை எஃப்.பி.ஐ. முடித்துவைத்த கதையை விறுவிறுப்பாகச் சொல்லி முடித்தபின், ஆசிரியரே உள்ளே வந்து ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தேடுகிறார். எஃப்.பி.ஐ. கணக்கில் வராத கொலைகள் இன்னும் பல இருந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வருகிறது. அவற்றில் சிலவற்றுக்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் எழுதுகிறார், கொன்றவர்களுக்கு முகம் கொடுக்கத் தன் கற்பனையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. பேரன் பேத்திகள் இன்றைக்கும் வந்து, எங்கள் தாத்தா எப்படிச் செத்தார் என்று அவரைக் கேட்கிறார்கள். தெரிந்ததை மட்டும் அவர் சொல்கிறார்.